மண்ணுக்குள் நிற்கும் மதில்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் நிகழ்த்திய உரை)



நான் இந்தக் கல்லூரியில் படித்தது ஒரே ஓர் ஆண்டு. 1971-72, பி.யு.சி. அதற்குப் பிறகு கிண்டி பொறியியல் கல்லூரி, அப்புறம் பொதுப்பணித் துறை, 2013-இல் ஓய்வு. மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று இங்கே இருந்து பட்டம் பெற்றவர்கள் நிறைந்திருக்கும் சபையில் ஓராண்டுக்காரன் மைக் முன்னால் நிற்கலாமா என்று செயலாளரைக் கேட்டேன். "சந்தா பாக்கி இல்லையே, அப்புறமென்ன, பேசுய்யா" என்றார்.

அவர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'என் இங்கிலாந்துப் பயணம்'. மகள் வீட்டுக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும் பேசுகிற தலைப்புதான். ஆனால் போன மாதம் சங்கத்திலிருந்து வந்த கவரில் அழைப்பிதழோடு இன்னொரு தாளும் இருந்தது. நம் 1974 செட் நண்பர்கள் முன்னின்று பணம் சேர்த்து, ஊருக்குக் கிழக்கே ஒரு கிராமத்துக் குளத்தைச் சீர்செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் அல்லவா, அந்த வேலையின் எஸ்டிமேட். ஓய்வு பெற்ற எஞ்சினியர் கையில் எஸ்டிமேட்டைக் கொடுப்பது, நெசவுக்காரர் கையில் பட்டுப் புடவையைக் கொடுப்பது மாதிரி. உடனே முந்தானையைப் புரட்டி உள்பக்கத்தைத்தான் பார்ப்பார். நானும் பார்த்தேன். ஆகவே செயலாளர் மனம் கோணாமல் இங்கிலாந்தில் தொடங்கி, அந்த எஸ்டிமேட்டில் கொண்டு போய் முடிக்கிறேன்.

லண்டனுக்கு வடமேற்கே பக்கிங்ஹாம்ஷயரில் ஸ்டோவ் என்று ஓர் இடம். ஒரு காலத்தில் கோபம் பிரபுவின் மாளிகை. (கோபம் என்பது அவர் பட்டப் பெயர்தான், குணம் எப்படியோ!) மாளிகை 1923 முதல் பள்ளிக்கூடமாக இருக்கிறது. தோட்டங்களை நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு பராமரிக்கிறது. மாளிகைப் பக்கம் நின்று பார்த்தால் புல்வெளி பச்சைக் கம்பளம் மாதிரி போய்க்கொண்டே இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் ஆடுகள் மேய்கின்றன. இடையில் வேலியில்லை, மதிலில்லை, கம்பியில்லை. அந்த ஆடுகள் ஏன் இந்தப் பக்கம் வந்து பூச்செடியை மேயவில்லை என்று எனக்குப் புரியவில்லை. நேரே நடந்தேன். "மாமா, அங்கேயே நில்லுங்க!" என்று மாப்பிள்ளை கத்தினார். காலுக்கு நாலு அடி முன்னால் தரை இல்லை. ஆள் உயரத்துக்கு ஒரு பள்ளம்.

பள்ளத்தின் அமைப்பைச் சொல்கிறேன். மாளிகைப் பக்கம் செங்குத்தாக ஒரு சுவர். அதன் தலை நம் பக்கத்துத் தரையோடு தரையாக முடிந்துவிடுகிறது. எதிர்ப்பக்கம் புல் வளர்ந்த சரிவு. ஆடு மாடு சரிவில் மெதுவாக இறங்கி வரலாம். வந்தால் சுவர் முட்டும். மேலே நிற்கும் கனவான் கண்ணுக்குச் சுவரே தெரியாது. இதற்கு அந்த ஊரில் பெயர் 'ஹா-ஹா'. சிரிக்காதீர்கள், அகராதியிலேயே இருக்கிறது. திடீரென்று பள்ளத்தைக் கண்டவர்கள் வாயிலிருந்து வந்த சத்தமே பெயராகிவிட்டது என்று காரணம் சொல்கிறார்கள். நாமாக இருந்தால் 'ஐயையோ' என்று பெயர் வைத்திருப்போம்.

யோசனை முதலில் பிரான்சிலிருந்து வந்தது. தெசாலியே தார்ஜென்வில் என்பவர் தோட்டக்கலை பற்றி 1709-இல் எழுதிய நூலில் இது இருக்கிறது. ஜான் ஜேம்ஸ் என்பவர் அதை 1712-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதற்கும் முன்னோடி கோட்டை அகழிதான். இங்கிலாந்தில் சார்லஸ் பிரிட்ஜ்மன் என்ற தோட்டக் கலைஞர் ஸ்டோவிலும் வேறு இடங்களிலும் இதைக் கையாண்டார். ஹொரேஸ் வால்போல் என்ற எழுத்தாளர் 1780-இல் வெளிவந்த தம் கட்டுரையில், மதில்களை இடித்துவிட்டு இந்தப் பள்ளத்தைக் கொண்டுவந்ததுதான் ஆங்கிலத் தோட்டக்கலையின் பெரிய திருப்பம் என்று எழுதிவைத்தார்.

இந்தச் சுவரில் ஒரு பாசாங்கு இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். எல்லையே இல்லாதது போல் காட்டுகிறது. எல்லை இருக்கத்தான் செய்கிறது. ஸ்டோவ் என்ற பெயரில் அங்கே ஒரு கிராமமே இருந்தது. தோட்டத்துக்காக ஜனங்களை அப்புறப்படுத்திவிட்டார்கள். அந்த ஊரின் மாதா கோயில் மட்டும் மரங்களுக்கு நடுவே இன்னும் நிற்கிறது. ஆஸ்திரேலியாவில் இதே சுவரை இன்னும் கொடுமையான காரியத்துக்குப் பயன்படுத்தினார்கள். மெல்பர்ன் பக்கத்தில் க்யூ என்ற இடத்தில் 1871-இல் திறந்த மனநோயாளிகள் விடுதியில், உள்ளே இருப்பவர்களுக்கு ஏற முடியாத உயரமாகவும், தெருவில் போகிறவர்களுக்கு இடுப்பளவுச் சுவராகவும் தெரியும்படி உள்பக்கம் பள்ளம் வெட்டிக் கட்டினார்கள். பார்க்கிறவர்களுக்குச் சிறை மாதிரித் தெரியக்கூடாதாம்!

அது போகட்டும். ஸ்டோவில் நான் பள்ளத்துக்குள் இறங்கிச் சுவரைத் தடவிப் பார்த்தேன். மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்திருக்கும். அது மழை விட்ட மறுநாள். சுவரின் கீழ்ப்பாகத்தில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் தண்ணீர் கசிந்து, பள்ளத்தின் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஐயங்கார்குளம் ஞாபகம் வந்தது.

இங்கே இருக்கும் பலர் சித்ரா பௌர்ணமிக்கு நடவாவி போயிருப்பீர்கள். போகாத இளைய தலைமுறைக்காகச் சொல்கிறேன். காஞ்சிக்குத் தென்மேற்கே சில கிலோமீட்டரில், பாலாற்றை ஒட்டிய பகுதியில் ஐயங்கார்குளம். அங்கே சஞ்சீவிராயர் கோயில், அதன் எதிரே கடல் மாதிரி விரிந்த குளம். விஜயநகர அரசர் வேங்கடபதி ராயர் (1586-1614) காலத்தில் ராஜகுருவாக இருந்த லட்சுமி குமார தாதாசாரியார் செய்த திருப்பணி. குளத்துக்குத் தாத சமுத்திரம் என்றே பெயர். கோயிலுக்குப் பக்கத்தில் நடவாவிக் கிணறு. நடந்து இறங்கும் வாவி, ஆகவே நடவாவி. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கல் தோரண வாயில் மட்டும் தெரியும். அதன் வழியாகப் படி இறங்குகிறது. இறங்கினால் தரைக்குக் கீழே ஒரு கல் மண்டபம், அதன் நடுவில் கிணறு. தூண்களில் சிற்பங்கள். ஆண்டு முழுவதும் இதெல்லாம் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும். சித்திரைப் பௌர்ணமிக்கு முன்னால் தண்ணீரை இறைப்பார்கள். அன்று வரதராஜப் பெருமாள் காஞ்சியிலிருந்து புறப்பட்டு வந்து, அந்தப் படிகளில் இறங்கி, மண்டபத்துக்குள் கிணற்றை வலம் வந்து, பிறகு பாலாற்றுக்கு எழுந்தருளுவார். திருவிழா முடிந்தால் ஊற்று மறுபடி ஏறி மண்டபத்தை மூடிக்கொள்ளும்.

நானூறு ஆண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூழ்குவதும் வெளிவருவதுமாக ஒரு கட்டடம் நிற்கிறது. ஐம்பது ஆண்டுக்கு முன் நாங்கள் கட்டிய அலுவலகக் கட்டடங்கள் பல இன்று இல்லை.

அதைவிடப் பெரிய சாட்சி நம் ஊருக்கு உள்ளேயே இருக்கிறது. வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ். அத்தி வரதர் நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் குளத்துக்குள்ளிருந்து வெளியே வருகிறார். 1939, 1979, 2019. 1939-இல் என் அப்பா பத்து வயதுப் பையன்; தாத்தாவின் தோளில் உட்கார்ந்து சேவித்ததாகச் சொல்வார். 1979-இல் நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடம்தான் ஆகியிருந்தது. 2019-இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள், ஊரே திணறியது உங்களுக்கெல்லாம் தெரியும். எல்லோரும் பெருமாளைப் பார்த்தார்கள். நானும் சேவித்தேன். ஆனால் தொழில் புத்தி விடவில்லை. தண்ணீர் வடிந்து கிடந்த குளத்தின் படிக்கட்டுகளையும் பார்த்தேன். நாற்பது வருடம் தண்ணீரைத் தாங்கிய கல் வரிசை, ஒரு சில வாரம் தண்ணீர் இல்லாமல் நின்று காட்டியது. நிற்பதற்கு எது கடினம் தெரியுமா? தண்ணீர் இருக்கும்போது நிற்பது சுலபம். தண்ணீரை இறைத்த பிறகு நிற்பதுதான் கஷ்டம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பி.யு.சி.யில் பௌதிகம் எடுத்தவர்களுக்குப் போதும், பயப்படாதீர்கள்.

தெருவில் இருக்கிற மதிலுக்கு இரண்டு முகம். இரண்டு பக்கமும் காற்று. தரைக்குக் கீழே கட்டிய சுவருக்கு ஒரு முகம்தான். முதுகு முழுவதும் மண். அந்த மண் சுவரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஐந்து மீட்டர் ஆழத்துக்கு நேராக ஒரு சுவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பின்னால் சாதாரணக் காய்ந்த மண் என்றால், ஒவ்வொரு மீட்டர் நீளச் சுவரையும் அது தள்ளும் வேகம் சுமார் 7.5 டன். அதே மண்ணில் மழைத் தண்ணீர் இறங்கி, வெளியேற வழியில்லாமல் மேல்வரை நின்றுவிட்டால் தண்ணீரின் தள்ளு மட்டும் 12.5 டன், ஈர மண்ணின் தள்ளு இன்னொரு 4 டன். மொத்தம் 17 டன்னுக்குப் பக்கம். சுவர் அதே சுவர், மண் அதே மண். சுமை இரண்டு மடங்குக்கு மேல்.

குளம் நிறைந்திருந்தால் பரவாயில்லை. முன்னால் இருக்கும் தண்ணீர் பின்னால் இருக்கும் தண்ணீரை எதிர்த்துத் தள்ளும், தராசு சமமாகிவிடும். முன்பக்கத் தண்ணீரை மோட்டார் வைத்து இரண்டு நாளில் இறைத்துவிட்டு, பின்பக்கத் தண்ணீர் வடிய அவகாசம் கொடுக்கவில்லை என்றால்தான் ஆபத்து. அணை, ஏரிக்கரை, குளப்படி எல்லாவற்றுக்கும் இதே கதை. தண்ணீர் அவசரமாக இறங்கும்போது சரிந்த கரைகள் உண்டு.

அப்படியானால் நடவாவியும் அனந்தசரஸும் எப்படி நிற்கின்றன? கல்லின் இடுக்குகளால் நிற்கின்றன. நம் பழைய குளப்படிகளில் கல்லைக் கல்லோடு செதுக்கிப் பொருத்தி வைத்தார்கள். கண்ணாடி ஒட்டுகிற மாதிரி அடைக்கவில்லை. பின்பக்கத் தண்ணீர் அந்த இடுக்குகள் வழியாகக் குளத்துக்குள் வந்துவிடும். தவிர, படியாகக் கட்டும்போது சுவர் செங்குத்தாக நிற்காமல் மண்ணின் மேல் சாய்ந்து படுத்துக்கொள்கிறது, தள்ளும் குறைகிறது. ஒவ்வொரு படிக்கல்லின் வால்பகுதி மேல் படியின் அடியில் புதைந்திருக்கும். மேல் கல்லின் பாரம் கீழ்க் கல்லைப் பிடித்துக்கொள்கிறது. ஸ்டோவ் சுவரில் நான் கண்ட கசிவும் இதே காரியம்தான். அவர்கள் ஊரில் ஆட்டுக்குப் பயந்து கட்டியது, நம் ஊரில் தண்ணீரைத் தேடிக் கட்டியது. மண்ணுக்குள் நிற்பதற்கு இருவருக்கும் வழி ஒன்றே.

பல்லவர் காலத்திலேயே இந்த வித்தை கைவந்திருந்தது. திருச்சி அருகே திருவெள்ளறையில் மாற்பிடுகு பெருங்கிணறு என்று ஒன்று, தந்திவர்ம பல்லவன் ஆட்சியில் கம்பன் அரையன் என்பவர் வெட்டியது. நான்கு பக்கமும் படிகள், ஒவ்வொன்றும் பாதி வழியில் திரும்பி இறங்கும். மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக வடிவம். ஒரு படித்துறையில் குளிப்பவர் இன்னொரு படித்துறையில் இருப்பவரைப் பார்க்க முடியாது. சுமார் 1200 ஆண்டு ஆகிறது. வெட்டியவரின் அரசனுக்குத் தலைநகரம் நம் காஞ்சிதான் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஊர்ப் பெருமை உண்டு.

எனக்கு இந்தப் பாடத்தை முதலில் நடத்தியது கிண்டியில்லை, பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறிக்குழி. சபையில் பாதிப் பேர் நெசவு வீடு. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழித்தறியில் நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து, கால் இரண்டையும் குழிக்குள் தொங்கவிட்டு மிதியை மிதிப்பார். ஐப்பசி, கார்த்திகை வந்தால் குழிக்குள் ஊற்று எடுக்கும். தண்ணீரில் கால் வைத்து நெய்ய முடியாது. பாவு ஈரம் வாங்கும், நூல் அறுந்துபோகும், வேலை நிற்கும், கூலியும் நிற்கும். 2015 மழையில்கூட எத்தனை வீட்டில் தறி நின்றது என்று பார்த்தோம். எங்கள் அப்பா குழியின் நான்கு பக்கமும் செங்கல்லைச் சேற்று மண்ணில் அடுக்கி, ஒரு மூலையில் மட்டும் சாண் ஆழத்துக்குச் சின்ன பள்ளம் விட்டிருப்பார். கசிகிற தண்ணீர் எல்லாம் அந்த மூலைக்கு வரும். அம்மா காலையும் மாலையும் சொம்பால் மொண்டு ஊற்றிவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்சம் வசதியானவர். குழி முழுக்க சிமெண்ட் பூசினார். முதல் வருடம் குழி காய்ந்து கிடந்தது. "பார்த்தியா" என்று அப்பாவிடம் காட்டினார். இரண்டாம் வருட மழையில் பூச்சு ஒரு பலகை மாதிரி செங்கல்லோடு பெயர்ந்து மிதி மேல் சாய்ந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. போய் ஒரு கை பிடித்துத் தூக்கிவிட்டு வந்தார்.

பிறகு வேலையில் இருந்தபோது இதையே பெரிய அளவில் பார்த்தேன். ஊர்ப் பெயர், சம்பந்தப்பட்டவர் பெயர் வேண்டாம். அவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். கும்பாபிஷேகத்துக்கு முன்னால் குளத்தை அழகு செய்ய வேண்டும் என்று படிக்கல் இடுக்கு அத்தனையையும் சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். வெள்ளைக் கோடு இழுத்த மாதிரி கண்ணுக்கு லட்சணமாகத்தான் இருந்தது. அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தது. தை மாதம் தெப்பத்துக்கு முன்னால் பழைய தண்ணீரை வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடலாம் என்று இரண்டு மோட்டார் போட்டு இறைத்தார்கள். மூன்றாம் நாள் விடியற்காலை தென்கரையில் பத்து மீட்டர் நீளத்துக்குப் படிகள் வயிறு தள்ளிக் குளத்துக்குள் சரிந்துவிட்டன. விடியாத நேரம், படித்துறையில் ஆள் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து நடந்திருந்தால் துணி துவைக்க வந்த பெண்கள் அங்கே இருந்திருப்பார்கள்.

என்னைப் போய்ப் பார்த்து ரிப்போர்ட் கொடுக்கச் சொன்னார்கள். சரிந்த இடத்தில் மண் சேறாக வழிந்துகொண்டிருந்தது. உடன் வந்திருந்த வயதான கல்தச்சர் ஒருவர், சரியாத வடகரைக்கு என்னைக் கூட்டிப் போனார். அங்கே ஒரு மூலையில் சிமெண்ட் தீர்ந்துபோய் அடைக்காமல் விட்டிருந்த நாலைந்து வரிசை. இடுக்கில் தண்ணீர் நூல் நூலாக வந்துகொண்டிருந்தது. "ஒழுகுதேன்னு பார்க்காதீங்க சார். ஒழுகுற வரைக்கும் நிக்கும்" என்றார். என் ரிப்போர்ட் நாலு பக்கம். அவர் சொன்னதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

இனி நம் எஸ்டிமேட்டுக்கு வருகிறேன். 1974 செட் நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பணம் சேர்த்த உங்கள் உழைப்பு பெரியது. வெளிநாட்டிலிருந்து அனுப்பியவர்கள், பென்ஷனில் எடுத்துக் கொடுத்தவர்கள் எல்லாம் இருக்கிறார்கள் என்று பொருளாளர் சொன்னார். அதனால்தான் இதை வராந்தாவில் பேசாமல் மேடையிலேயே பேசுகிறேன்.

நான்கு கரைப் படிகளுக்கும் சிமெண்ட் பாயிண்டிங் என்று ஓர் அயிட்டம் இருக்கிறது. அது வேண்டாம். பெயர்ந்த கல்லை எடுத்து, பின்னால் கருங்கல் ஜல்லி நிரப்பி, பழையபடி பொருத்தி உட்கார வைத்தால் போதும். இடுக்கில் முளைத்திருக்கும் அரசு, ஆல் கன்றுகளை வேரோடு எடுக்க வேண்டும். இழுத்துப் பிடுங்கினால் கல்லும் சேர்ந்து வரும். கல்லைக் கழற்றித்தான் வேரை எடுக்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை, கல்தச்சர் வேண்டும், கொத்தனார் போதாது. எங்கேயாவது கட்டாயம் அடைத்தே ஆக வேண்டிய இடத்தில் சுண்ணாம்புச் சாந்து வைத்து, நடுநடுவே கசிவுத் துளை விட வேண்டும்.

அடுத்தது தூர் எடுப்பது. ஜே.சி.பி. வைத்துக் குளம் முழுக்க ஒரே சீராக இரண்டு மீட்டர் ஆழப்படுத்துவதாகப் போட்டிருக்கிறார்கள். நடுவில் எடுங்கள். படியின் அடிவரிசையை ஒட்டி எடுக்காதீர்கள். அடிக்கல்லுக்கு முன்னால் இருக்கும் மண்தான் அது முன்னால் வழுக்காமல் தடுக்கும் கட்டை. அதை வாரிவிட்டால் சுவருக்குக் காலை வாரிவிடுவது மாதிரி. கடைசிப் படியிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் விட்டு, அப்புறம் சரிவாக ஆழப்படுத்தலாம். குழந்தைகள் பத்திரத்துக்கும் அதுதான் நல்லது. படி முடிந்ததும் திடீரென்று ஆழம் என்றால், கால் வைத்த பிள்ளை திரும்ப ஏறாது. இந்த மாதிரி வெட்டிவிட்ட குளங்களில் நடந்த சோகங்களைப் பத்திரிகையில் எத்தனையோ படிக்கிறோம்.

மூன்றாவது, சுற்றிலும் ஏழு அடி காம்பவுண்டு மதில், இரும்பு கேட், பூட்டு. எஸ்டிமேட்டில் பெரிய தொகை இதற்குத்தான் போகிறது. குழந்தைகளுக்காக என்று சொல்வீர்கள். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏழடி மதிலுக்குள் ஒரு பிள்ளை தவறி விழுந்தால் தெருவில் போகிறவர் கண்ணுக்குத் தெரியாது. இரண்டரை அடிக் கைப்பிடிச் சுவர், படித்துறை இருக்கும் இடத்தில் திறப்பு, அது போதும். இன்னொன்றும் இருக்கிறது. மதிலும் பூட்டும் வந்த குளத்துக்குச் சாவி வைத்திருப்பவர் ஒருவர் வருவார். யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்ற பேச்சு நம் நாட்டுக் குளப்படிகளில் கொஞ்சமாகவா நடந்தது? டாக்டர் அம்பேத்கர் 1927 மார்ச் 20-ஆம் தேதி மஹாத் ஊரின் சவ்தார் குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிப்பதற்கு ஒரு போராட்டமே நடத்த வேண்டியிருந்தது. நம் மாவட்டத்துக் குளங்களின் கதையும் பெரிதாக வேறுபட்டதில்லை; பெரியவர்களுக்குத் தெரியும். சங்கத்தின் பணத்தில் பூட்டு வாங்க வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து. ஸ்டோவ் பிரபுவுக்கு எல்லையை மறைக்க வேண்டியிருந்தது. நமக்கு எல்லையே தேவையில்லை.

எஸ்டிமேட்டில் இல்லாதது ஒன்று: வரத்துக் கால்வாய். அதற்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை. போன வாரம் நானும் நண்பர் ஒருவரும் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தோம். குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய் கொஞ்ச தூரம்தான் தெரிகிறது. அப்புறம் முள்செடி, குப்பை, ஓர் இடத்தில் மேலேயே சிமெண்ட் ரோடு. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோதுகூட இந்தக் குளம் பாதிதான் நிறைந்ததாம், டீக்கடைக்காரர் சொன்னார். தண்ணீர் வராத குளத்தில் படியை ஒழுங்குபடுத்தி என்ன செய்வது? மதிலுக்கு வைத்த பணத்தை இதற்குத் திருப்புங்கள். ரோட்டுக்கு அடியில் குழாய் போட ஊராட்சியின் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பத்தை எழுதிக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன், தலைவர் கையெழுத்துப் போட்டால் போதும்.

கல்வெட்டுப் பலகை அயிட்டத்தில் கை வைக்கவில்லை. நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் இருக்கட்டும். ஆனால் பலகையைப் படிக்கட்டுச் சுவரில் பதிக்காமல், கரையில் ஒரு தனிக் கல்லாக நடுங்கள்.

நாளை காலை ஆறரை மணிக்குக் கல்லூரி வாசலிலிருந்து வேன் புறப்படுகிறது. பொருளாளரும் காண்ட்ராக்டரும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். திருவெள்ளறை போனவர்கள், போகாதவர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம். பழைய செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள், சேறு இருக்கிறது. வடகிழக்கு மூலையில் மூன்று கல் வெளியே தள்ளி நிற்கிறது. அதை முதலில் காட்டுகிறேன். ஆவணிக்குள் தூர் வேலை முடிந்து, ஐப்பசி மழைக்கு முன் கல் உட்கார்ந்தாக வேண்டும். இருப்பது மூன்றரை மாதம்.

சாப்பாடு தயாராகிவிட்டதாகச் செயலாளர் கைகாட்டுகிறார். கோயில் இட்லியும் உண்டாம்.